லெப்டொப் பற்றரியும் விமானப் பயணமும்: மீளப்பெறல் அறிவிப்பு நம் கைக்கு ஏன் வருவதில்லை

கல்முனையிலோ காத்தான்குடியிலோ இரவு பஸ் ஏறி, விடியற்காலையில் கட்டுநாயக்கவில் இறங்க இருப்பவருக்குப் பொதி கட்டும்போதே மூன்று விதமான புத்திமதி கிடைத்துவிடுகிறது. "லெப்டொப்பைச் சூட்கேஸுக்குள்ள உடுப்புக்கு நடுவில வை, அடிபடாது" என்பார் உம்மாவோ அம்மாவோ. "அதெல்லாம் ஏலாது, கையிலதான் கொண்டு போகணும்" என்பார் போன வருடம் கட்டாருக்குப் போய்வந்த மச்சான். டிக்கெட்டோடு வரும் விதிமுறைத் தாளில் இருப்பது மூன்றாவது: மீளப்பெறப்பட்ட (பிழை இருக்கிறது என்று கம்பனியே திரும்பக் கேட்ட) பற்றரி உள்ள கருவிகளைக் கையிலும் கொண்டுவராதீர்கள், பெட்டியிலும் போடாதீர்கள்.

மச்சான் சொன்னதும் தாளில் இருப்பதும் சரி. ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்தால் இரண்டு கேள்விகள் எழும்பும். ஆபத்தான சாமான் என்றால் அதை ஏன் ஆட்கள் இருக்கும் இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள்? என்னுடைய பற்றரி மீளப்பெறப்பட்டது என்று எனக்கு யார் சொல்வது? முதல் கேள்விக்கு உலகம் முழுவதும் ஒரே பதில்தான். இரண்டாவது கேள்விக்கான பதில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கொஞ்சம் வேறு மாதிரி.

## முதலில், உள்ளே இருப்பது என்ன

பற்றரி என்றதும் பலருக்கு நினைவு வருவது மோட்டார் சைக்கிள் பற்றரி. அதில் ஈயம், அமிலம், தண்ணீர். அமிலம் சுடும், ஆனால் அந்தத் தண்ணீர் தீப்பற்றாது. லெப்டொப்பிலும் போனிலும் இருக்கும் லித்தியம்-அயன் பற்றரி வேறு சாதி. 1991இல் சோனி கம்பனி இதை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதை உருவாக்கியதற்காக 2019இல் மூன்று பேருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வளவு நல்ல கண்டுபிடிப்புத்தான், ஆனால் உள்ளே இருக்கும் திரவம் எரியக்கூடிய சேதனக் கரைப்பான்.

ஒரு செல்லைப் பிரித்தால் (வீட்டில் பிரிக்க வேண்டாம்) இப்படி இருக்கும். ஒரு பக்கம் கிராபைட் பூசிய மெல்லிய செப்புத் தகடு. மறுபக்கம் உலோக ஒக்சைட் பூசிய அலுமினியத் தகடு. இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் நடுவில் ஒரு பிளாஸ்டிக் படலம். மூன்றையும் சேர்த்துப் பன்பாயைச் சுருட்டுவதுபோல இறுக்கமாகச் சுருட்டி, கரைப்பானில் ஊறவிட்டு, உறைக்குள் மூடியிருப்பார்கள். பழைய லெப்டொப்பில் அந்த உறை விரல் தடிப்பான உலோக உருளை. இப்போதைய மெல்லிய லெப்டொப்பில் அலுமினியத் தாளில் செய்த தட்டையான பை.

நடுவில் உள்ள படலம் தலைமுடியை விட மெல்லியது. முழுக் கதையும் அந்தப் படலத்தில்தான் இருக்கிறது.

படலம் ஓரிடத்தில் தோற்றால் நடப்பவை வரிசையாக:

1. இரண்டு தகடும் தொடுகின்றன. செல்லில் உள்ள மின்சாரம் முழுவதும் அந்த ஊசிமுனை இடத்தினூடாகப் பாய, அந்த இடம் சூடாகிறது.

2. கிட்டத்தட்ட 130 பாகை செல்சியஸில் படலமே உருகிச் சுருங்கத் தொடங்குகிறது. ஊசிமுனையாக இருந்த தொடுகை பெரிய பரப்பாகிறது.

3. சூடு இன்னும் ஏற, உலோக ஒக்சைட் உடைந்து ஒட்சிசனை வெளிவிடுகிறது. கரைப்பான் ஆவியாகி உறையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து தீப்பிடிக்கிறது.

4. அந்தச் சூட்டில் பக்கத்துச் செல்லின் படலம் உருகுகிறது. லெப்டொப் பற்றரியில் மூன்று முதல் ஆறு செல்கள் வழக்கம். ஒன்றன் பின் ஒன்றாகப் போகும், சில வேளை நிமிடக் கணக்கில் இடைவெளி விட்டு.

இதைத்தான் தொழில்நுட்பக்காரர்கள் தெர்மல் ரன்அவே என்கிறார்கள். சூடு கைமீறிப் போதல் என்று சொல்லலாம். மூன்றாவது படியைத் திரும்பப் படியுங்கள். எரியும் பொருளும் அதற்கு வேண்டிய ஒட்சிசனில் ஒரு பங்கும் ஒரே உறைக்குள் இருக்கின்றன. ஆகவே போர்வை போட்டு மூடினால் சுவாலை அடங்கலாம், உள்ளே நடப்பது நிற்காது. அதை நிறுத்தச் சூட்டை இறக்க வேண்டும். சூட்டை இறக்கத் தண்ணீர் வேண்டும். விமான விதிகளில் பாதி இந்த ஒரு வரியிலிருந்து பிறந்தவை.

## மீளப்பெறல் என்றால் என்ன, ஏன் லட்சக்கணக்கில்

படலம் இரண்டு வழிகளில் தோற்கும். ஒன்று பாவனையில்: விழுத்துவது, நசிப்பது, வெயிலில் போடுவது, பொருத்தமில்லாத சார்ஜர் போடுவது. மற்றது பிறவிக் குறை, அதாவது தொழிற்சாலையிலேயே உள்ளே போய்விட்ட பிழை. மீளப்பெறல் என்பது இரண்டாவது வகைக்கானது. கம்பனி தன் பிழையை ஒப்புக்கொண்டு, குறிப்பிட்ட தொடர் இலக்கங்களைக் கொண்ட பொருட்களைத் திருப்பி எடுத்து, காசு வாங்காமல் பற்றரியை மாற்றித் தருவது.

இந்த விஷயம் பெரிதாக வெடித்த ஆண்டு 2006. அந்த வருடம் ஜப்பானின் ஒசாக்காவில் ஒரு மாநாட்டு மேசையில் டெல் லெப்டொப் ஒன்று எரியும் படம் இணையத்தில் சுற்றியது. ஓகஸ்டில் டெல் கம்பனி 41 லட்சம் பற்றரிகளைத் திரும்பக் கேட்டது. பத்து நாட்களில் ஆப்பிள் 18 லட்சம் என்றது. பிறகு லெனோவோவும் மற்றவையும் சேர்ந்துகொண்டன. பெயர்கள் வேறுவேறு, ஆனால் உள்ளே இருந்த செல்கள் எல்லாம் சோனி செய்தவை. செல்லைச் செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத உலோகத் துணுக்குகள் உள்ளே விழுந்திருந்தன. அந்தத் துணுக்கு நாளாக நாளாகப் படலத்தைக் குத்தும். மொத்தத்தில் 96 லட்சம் அளவு பற்றரிகள் இதில் அகப்பட்டன.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 41 லட்சம் பற்றரிகளைத் திரும்பக் கேட்டபோது டெல்லுக்கு வந்திருந்த சூடேறிய முறைப்பாடுகள் ஆறு. வெறும் ஆறு. 2019 ஜூனில் ஆப்பிள் 15 அங்குல மெக்புக் ப்ரோவை (2015 நடுப்பகுதி மாதிரி, பெரும்பாலும் 2015 செப்டெம்பருக்கும் 2017 பெப்ரவரிக்கும் இடையில் விற்றவை) மீளப்பெற்றபோது, அமெரிக்காவில் மட்டும் அந்த இயந்திரங்கள் ஏறத்தாழ 4,32,000. முறைப்பாடுகள் 26. அதாவது பதினாறாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று.

"அப்ப என்ன, நம்மட மெஷினுக்கு ஒன்றும் வராது" என்று இதை வாசிப்பவரும் உண்டு. தனி ஆளுக்கு அது ஓரளவு உண்மையும்கூட. விமானத்துக்குக் கணக்கு வேறு. ஒரு விமானத்தில் 180 பேர் என்று வையுங்கள். ஆளுக்கு ஒரு போன், சிலருக்கு இரண்டு, பவர் பாங்க், லெப்டொப், காதில் மாட்டும் புளூடூத். சராசரி மூன்று என்றாலும் ஒரே குழாய்க்குள் 540 பற்றரிகள், வெளியே இறங்க வழியில்லாமல் 35,000 அடி உயரத்தில். அப்படிப்பட்ட விமானங்கள் ஒரு நாளில் பல்லாயிரம். அரிதான ஒன்றை இத்தனை முறை பெருக்கினால் அது அரிதாக இருப்பதில்லை. அதனால்தான் கம்பனி பார்க்கும் அளவுகோலை விட விமானத் துறை பார்க்கும் அளவுகோல் கடினமானது. மெக்புக் அறிவிப்பு வந்த இரண்டு மாதத்தில் அமெரிக்க விமானத் துறை நிர்வாகம் விமானக் கம்பனிகளுக்கு நினைவூட்டல் அனுப்பியது. இந்தியாவின் சிவில் விமான இயக்குநரகம் அந்த மாதிரியைப் பற்றரி மாற்றும்வரை கொண்டுவர வேண்டாம் என்று பயணிகளிடம் சொன்னது. சிங்கப்பூர் எயார்லைன்ஸும் அப்படியே.

அதற்கு முன்னர் 2016இல் சாம்சுங் கலக்ஸி நோட் 7 போன் இன்னும் மோசமான பாடம். முதல் தொகுதிப் பற்றரியின் மூலையில் தகடு வளைந்திருந்தது. அதை மாற்றிக் கொடுத்த இரண்டாவது தொகுதி வேறொரு கம்பனியின் பற்றரி, அதில் உருக்கி ஒட்டிய இடத்தில் கூர்முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. திருத்திக் கொடுத்ததே எரிந்தது. ஒக்டோபரில் போனையே நிறுத்தினார்கள், அமெரிக்கா அதை விமானத்தில் முழுதாகத் தடை செய்தது. எச்.பி கம்பனியும் 2016க்கும் 2019க்கும் இடையில் லெப்டொப் பற்றரிகளைத் திரும்பத் திரும்ப மீளப்பெற்றது, ஒவ்வொரு முறையும் பட்டியல் நீண்டது. ஒரு முறை பார்த்து "என்னுடையது இல்லை" என்று விட்டவர்கள் அடுத்த பட்டியலில் இருந்தார்கள்.

## அந்தக் கடிதம் நம் வீட்டுக்கு வராது

மீளப்பெறல் என்பது, உண்மையில், முதன்முதலில் புதிதாக வாங்கியவருக்குக் கம்பனி எழுதும் கடிதம். அவருடைய மின்னஞ்சல், பற்றுச்சீட்டு, பதிவு எல்லாம் கம்பனியிடம் இருக்கும். இப்போது நம் பக்கத்து லெப்டொப்புகள் எப்படி வருகின்றன என்று பாருங்கள். லண்டனில் இருக்கும் சித்தப்பா தான் ஐந்து வருடம் பாவித்ததை ஏ.எல். படிக்கும் பிள்ளைக்கு அனுப்புகிறார். டுபாயில் வேலை செய்பவர் அங்கே இரண்டாம் கையாக வாங்கி, காகோ பெட்டியில் பால்மாவோடும் கம்பளத்தோடும் சேர்த்து அனுப்புகிறார். கல்முனையில் ஒரு கடையில், வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்டவற்றைத் துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். தவறு ஒன்றுமில்லை, அந்த விலைக்கு நல்ல மெஷின்கள்தான். ஆனால் கடிதம் போகும் முகவரி வேறு, லெப்டொப் இருக்கும் முகவரி வேறு.

இதோடு இன்னொரு சிக்கல். இங்கே வந்து இரண்டொரு வருடத்தில் பற்றரி சார்ஜ் நிற்பதில்லை என்று மாற்றுகிறோம். கம்பனிப் பற்றரி கிடைக்காது, கிடைத்தால் விலை தாங்காது. ஆகவே "ஒரிஜினல் மாதிரி" என்று வருவதைப் போடுகிறோம். அந்த நேரத்திலிருந்து மீளப்பெறல் முறை மூன்று விதத்தில் பிழையாகிப் போகிறது.

1. தொடர் இலக்கத்தைக் கம்பனித் தளத்தில் போட்டால் "பாதிப்பில்லை" என்று வரும். அது லெப்டொப் பிறந்தபோது உள்ளே இருந்த பற்றரியைப் பற்றிய பதில். இப்போது உள்ளே இருப்பதைப் பற்றி அந்தத் தளத்துக்கு ஒன்றும் தெரியாது.

2. எதிர்ப்பக்கமாக, பழைய மெக்புக் ஒன்றுக்கு இங்கே பற்றரி மாற்றியாகிவிட்டது. ஆனாலும் தளம் "மீளப்பெறப்பட்டது" என்றே காட்டும். கவுண்டரில் நிற்பவரிடம் "மாத்திட்டேன்" என்று வாயால் சொல்லி நம்ப வைக்க முடியாது. அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையத்தின் தாள் கேட்பார்கள்.

3. மாற்றிப் போட்ட பற்றரியைச் செய்தவர் யாரென்றே தெரியாதபோது, அதில் பிழை இருந்தால் மீளப்பெறல் அறிவிக்கவும் ஆள் இல்லை.

மூன்றாவதுதான் என் பார்வையில் பெரிய பிரச்சினை. செய்தியில் வரும் மீளப்பெறல்கள் பயமுறுத்துகின்றன. ஆனால் மீளப்பெறும் கம்பனி குறைந்தபட்சம் தன் பொருளைக் கணக்கு வைத்திருக்கும் கம்பனி. பேரில்லாத பற்றரிக்கு அந்தக் கெட்ட செய்திகூட வராது.

## நீங்களே பார்க்கக்கூடியவை

கடிதம் வராத இடத்தில் கண்ணும் கையும்தான் மிச்சம். பயணத்துக்கு இரண்டு கிழமை முன்னரே பார்க்க வேண்டும், பஸ் ஏறும் அன்று இரவில் அல்ல.

முதலில் இலக்கம். லெப்டொப்பின் அடியில் பொடி எழுத்தில் மாதிரிப் பெயரும் தொடர் இலக்கமும் இருக்கும். கழற்றக்கூடிய பற்றரி என்றால் பற்றரியிலும் தனி இலக்கம் உண்டு, எச்.பி அறிவிப்புகளில் பார்க்க வேண்டியது அந்தப் பற்றரி இலக்கத்தைத்தான். கம்பனியின் சொந்தத் தளத்தில் மீளப்பெறல் பக்கத்துக்குப் போய் போட்டுப் பாருங்கள். யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் இணைப்பில் தொடர் இலக்கம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது வீக்கம். லெப்டொப்பை மூடி, டைல்ஸ் போட்ட சமமான தரையில் வையுங்கள். நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக விரலால் அமத்துங்கள். கால் சரியில்லாத கதிரைபோல ஆடினால் அடிப்பாகம் புடைத்திருக்கலாம். பிறகு திறந்து டச்பேடை அமத்துங்கள். பல மாதிரிகளில் பற்றரி அதற்கு நேர் கீழே இருக்கும். "டிக்" என்று இறங்காமல் கல்லாக நின்றால், அல்லது ஒரு ஓரம் மேலே எழும்பி நின்றால், கீழே பை வீங்கித் தள்ளுகிறது. பலர் இதை டச்பேட் பழுது என்று நினைத்து மவுஸ் வாங்கிப் பாவிக்கிறார்கள். மவுஸுக்குப் பதிலாகப் பற்றரிக்குச் செலவழித்திருக்க வேண்டும்.

மணமும் ஒரு அடையாளம். கீபோர்டுக்குப் பக்கத்தில் நகப்பூச்சு அழிக்கும் திரவம்போல இனிப்பான மணம் வந்தால், பை எங்கோ கசிகிறது.

சார்ஜ் சீக்கிரம் இறங்குவதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். மூன்று நான்கு வருடத்தில் எல்லாப் பற்றரியும் இளைக்கும். இளைத்த பற்றரி எரிச்சலூட்டும், அவ்வளவுதான். வீங்கிய பற்றரிதான் ஆபத்து. வீக்கம் என்பது உள்ளே வாயு உண்டாகியிருக்கிறது என்பதன் அடையாளம். பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி மலை உச்சியில் இருப்பதுபோல இருக்கும், அதாவது தரையில் இருப்பதில் முக்கால் பங்கு. அந்த அழுத்தத்தில் அதே வாயு இன்னும் மூன்றில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். தரையில் "கொஞ்சம்தானே வீங்கியிருக்கு" என்பது மேலே கொஞ்சமாக இருக்காது.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இது நம் ஊர் விஷயம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூடிய வேனுக்குள் சூடு 60 பாகையை எட்டிவிடும். ஆப்பிள் தன் லெப்டொப்பை வைத்திருக்கச் சொல்லும் உச்ச வெப்பநிலை 45 பாகை. விமான நிலையத்துக்கு வேன் பிடித்துப் போகிறவர்கள் இடையில் இறங்கிச் சாப்பிடும்போது லெப்டொப் பையைக் கண்ணாடிப் பக்கம் விட்டுப் போகாமல் கையோடு எடுத்துக்கொள்வது நல்லது.

## ஆபத்து என்றால் ஏன் கைப்பையில்

இனி முதல் கேள்வி. விமானத்தின் கீழ்ப்பகுதியில், பெட்டிகள் ஏற்றும் இடத்தில், தீயணைக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஹேலன் என்ற வாயுவை அங்கே நிரப்புவார்கள். துணி, கடதாசி எரிந்தால் ஹேலன் அடக்கிவிடும். ஆனால் அது வாயு, குளிராக்காது. சுவாலையை அடக்கினாலும், மேலே சொன்ன படிகளில் சூடு ஏறுவதை அது தடுக்காது. ஒரு செல் போனால் அடுத்த செல் போகும். பக்கத்தில் அதே சூட்கேஸில் அமுக்க வாயுவில் வரும் வாசனைத் திரவியப் புட்டி இருந்தால் இன்னும் மோசம். லெப்டொப்போடு அப்படியொரு புட்டியைச் சூட்கேஸில் வைத்து அமெரிக்க விமானத் துறை நிர்வாகம் செய்த சோதனையில் அது வெடித்தது. நம் பெட்டிகளில் லெப்டொப்பும் பொடி ஸ்பிரேயும் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பதை நினைத்துப் பாருங்கள்.

மேலே, ஆட்கள் இருக்கும் இடத்தில், புகை வந்த முதல் நிமிடத்திலேயே யாராவது காண்பார்கள். பணியாளர்களுக்கு அதற்கென்று பயிற்சி உண்டு: முதலில் அணைகருவியால் சுவாலையை அடக்கு, பிறகு தண்ணீரோ மது கலக்காத வேறு பானமோ ஊற்றிக்கொண்டே இரு, ஐஸ் போட்டு மூடாதே. ஐஸ் குளிர்தானே என்று தோன்றும், ஆனால் மூடிக் கிடக்கும் ஐஸ் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். ஒரு போத்தல் தண்ணீர் எட்டும் தூரத்தில் பற்றரி இருக்க வேண்டும் என்பதுதான் கைப்பை விதியின் முழுக் காரணம்.

சரக்குப் பகுதியில் எரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு டுபாயிலேயே உதாரணம் இருக்கிறது. 2010 செப்டெம்பர் 3ஆம் திகதி அங்கிருந்து ஜெர்மனிக்குப் புறப்பட்ட யு.பி.எஸ் கூரியர் கம்பனியின் சரக்கு விமானத்தில், லித்தியம் பற்றரிகள் இருந்த சரக்கில் தீப்பிடித்தது. விமானிகள் டுபாய்க்கே திரும்பினார்கள். ஓட்டும் அறைக்குள் புகை நிறைந்து கருவிகள் தெரியாமல் போயின. விமானம் விழுந்து இருவரும் இறந்தார்கள். அடுத்த வருடம் தென்கொரியாவின் ஆசியானா சரக்கு விமானம் ஒன்றும் சரக்கில் பிடித்த தீயால் கடலில் விழுந்தது, அதன் சரக்கிலும் லித்தியம் பற்றரிகள் இருந்தன. 2016 ஏப்ரல் 1 முதல், தனிச் சரக்காக அனுப்பப்படும் லித்தியம்-அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் ஏற்றக்கூடாது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தடை போட்டது. சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது என்றது.

"ஆனால் ஒரு காலத்தில் லெப்டொப்பைப் பெட்டியில் போடத்தானே சொன்னார்கள்?" என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் நினைவு சரிதான். 2017 மார்ச்சில் டுபாய், அபுதாபி, டோஹா, குவைத், ஜித்தா, ரியாத் உட்படப் பத்து விமான நிலையங்களிலிருந்து அமெரிக்கா போகிறவர்கள் போனை விடப் பெரிய கருவி எதையும் கையில் கொண்டுபோகக்கூடாது என்று அமெரிக்கா கட்டளை போட்டது. அது குண்டுக்குப் பயந்து போட்ட விதி, பற்றரித் தீக்கு அல்ல. இரண்டு பயமும் எதிரெதிர் திசையில் இழுத்தன. சில மாதங்களில் அந்தத் தடை போய்விட்டது.

## வாட்-அவர் கணக்கு

விமான விதிகள் பேசும் அளவு வாட்-அவர். பற்றரி லேபலில் ஆங்கிலத்தில் டபிள்யூ, எச் என்ற இரண்டு எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண். அது இல்லையென்றால் வோல்ட்டை அம்பியர்-அவரால் பெருக்குங்கள். 11.4 வோல்ட், 4,200 மில்லி அம்பியர்-அவர் என்றால் 11.4 × 4.2, ஏறத்தாழ 48. நம் மின்சார பில்லில் ஒரு யுனிட் என்பது 1,000 வாட்-அவர். ஆகவே ஒரு லெப்டொப் பற்றரியில் இருப்பது இருபதில் ஒரு பங்கு யுனிட் மட்டுமே.

1. 100 வாட்-அவர் வரை: அனுமதி கேட்கத் தேவையில்லை. சாதாரண லெப்டொப் எல்லாம் இதற்குள் அடங்கும். பெரிய மெக்புக் ப்ரோக்கள் 100ஐத் தொட்டு நிற்பது தற்செயல் அல்ல.

2. 100க்கு மேல் 160 வரை: விமானக் கம்பனி சம்மதிக்க வேண்டும். உதிரி என்றால் அதிகபட்சம் இரண்டு.

3. 160க்கு மேல்: பயணி கொண்டுபோக முடியாது.

உதிரிப் பற்றரியும் பவர் பாங்கும் கைப்பையில் மட்டும். முனைகள் ஒன்றோடொன்று படாமல் டேப் ஒட்டியோ தனித்தனிப் பையில் போட்டோ வைக்க வேண்டும். சாவிக்கொத்து இருக்கும் பைதான் மிக மோசமான இடம். கருவிக்குள்ளேயே இருக்கும் பற்றரி பெட்டியில் போகத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் முழுதாக அணைத்திருக்க வேண்டும், மூடி வைத்த லெப்டொப் தூங்குகிறது, அணையவில்லை. பழுதான, வீங்கிய, மீளப்பெறப்பட்ட பற்றரிக்கு எந்த அளவும் பொருந்தாது, அது ஏறவே கூடாது. கூரியரில் விமானம் வழியாக அனுப்புவதற்கும் அதே தடைதான்.

## பவர் பாங்க்: இப்போதைய தலைவலி

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசானில் எயார் பூசான் விமானம் ஒன்று புறப்படக் காத்திருந்தபோது, பின்பக்கத்தில் தலைக்கு மேலுள்ள பெட்டிக்குள் தீப்பிடித்தது. 176 பேரும் சறுக்கி வழியாக இறங்கித் தப்பினார்கள், விமானத்தின் கூரை எரிந்து போனது. உள்ளே இருந்த பவர் பாங்க் ஒன்றின் காப்பு பழுதானதே காரணமாக இருக்கலாம் என்றார்கள் விசாரணையாளர்கள். அதன் பிறகுதான் புதிய விதிகள் அடுத்தடுத்து வந்தன. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதல் பறக்கும்போது பவர் பாங்க் பாவிப்பதை நிறுத்தியது. நம்மவர்கள் அதிகம் பறக்கும் எமிரேட்ஸில் 2025 ஒக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்று, அதுவும் 100 வாட்-அவருக்குக் கீழ், பாவிக்கவோ சார்ஜ் போடவோ தலைக்கு மேல் வைக்கவோ கூடாது. ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு விதம், ஆகவே டிக்கெட் எந்தக் கம்பனியோ அந்தக் கம்பனியின் பக்கத்தைப் பயணத்துக்கு முதல் நாள் பார்ப்பது நல்லது.

மீளப்பெறலும் இங்கே நிறைய. 2025 ஜூனில் ஆங்கர் கம்பனி ஒரு 10,000 மில்லி அம்பியர்-அவர் பவர் பாங்க் மாதிரியை அமெரிக்காவில் மட்டும் 11 லட்சம் அளவில் திரும்பக் கேட்டது. அதே மாதம் சீனாவில் ரோமோஸ் கம்பனி ஏறத்தாழ ஐந்து லட்சம்.

ஆனால் நம் ஊர்க் கடைகளில் அதை விட அடிக்கடி காண்பது வேறொன்று: உள்ளங்கை அளவில், லேசான பெட்டியில் "50,000 எம்.ஏ.எச்" (மில்லி அம்பியர்-அவர்) என்று பெரிதாக அச்சிட்டது. பவர் பாங்கின் உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட். 50,000ஐ அதனால் கணக்குப் போட்டால் 185 வாட்-அவர். அவ்வளவு மின்சாரத்தை வைத்திருக்கும் செல்கள் முக்கால் கிலோ அளவாவது நிறுக்க வேண்டும். கையில் இருப்பது இருநூறு கிராம். எண் பொய். இதில் வேடிக்கை என்னவென்றால், ஸ்கேன் மேசையில் இருக்கும் அதிகாரி பார்ப்பது அந்தப் பொய் எண்ணைத்தான். 160ஐத் தாண்டியதால் அது அங்கேயே பறிபோகும். கடைக்காரர் சொன்ன பொய்க்கு நீங்கள் கட்டும் வரி அது. லேபலே அழிந்துபோன பவர் பாங்க்கும் அதே கதி. உண்மையான 20,000 என்றால் 74 வாட்-அவர், பிரச்சினை இல்லை.

பற்றரிப் பொய்க்கு இன்னொரு அடையாளம்: 18 மில்லிமீற்றர் தடிப்பும் 65 மில்லிமீற்றர் நீளமும் உள்ள உருளைச் செல்லில் "9,900" என்று எழுதியிருப்பது. அந்த அளவில் நல்ல கம்பனிகள் செய்வதே பெரும்பாலும் 3,500 அளவுதான்.

## வீங்கியதைக் கண்டுபிடித்துவிட்டால்

சார்ஜரைக் கழற்றுங்கள், அணையுங்கள், அதன் பிறகு சார்ஜ் போட வேண்டாம். வீங்கிய பையைக் குத்தி வாயுவை இறக்கலாம் என்று வீடியோ பார்த்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அந்த ஊசி குத்துவது முதலில் சொன்ன படலத்தைத்தான். திருத்துபவரிடம் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள். பல லெப்டொப்புகள் பற்றரி இல்லாமல் நேரே சார்ஜரில் ஓடும். பற்றரி கழற்றிய லெப்டொப் விமானத்தில் எங்கே போனாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

கழற்றிய பற்றரியின் முனைகளுக்கு டேப் ஒட்டி, உலர்ந்த மணல் நிரப்பிய தகர டின்னில் போட்டு வீட்டுக்கு வெளியே நிழலில் வைக்கலாம். மணலுக்கு நமக்குப் பஞ்சமில்லை. வளவுக்குள் குப்பை கூட்டி எரிக்கும்போது மட்டும் அது அதற்குள் போய்விடக்கூடாது. மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களுக்கு அனுமதி கொடுப்பது மத்திய சுற்றாடல் அதிகாரசபை, உங்கள் பகுதியில் யார் எடுக்கிறார்கள் என்று மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ விசாரித்துக் கொடுங்கள்.

## ஆசனத்தில் உட்கார்ந்த பிறகு

போன் ஆசனத்தின் இடுக்கில் விழுந்தால் கையை விட்டுத் தேடாதீர்கள், ஆசனத்தைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் வேண்டாம். ஆசனத்தின் இரும்புக்கு இடையில் போன் நசிந்தால் படலம் அங்கேயே கிழியும். பணியாளரைக் கூப்பிடுங்கள், அவர்கள் ஆசனத்தில் இருப்பவரை எழுப்பிவிட்டு எடுத்துத் தருவார்கள்.

கைப்பை சூடாகத் தெரிந்தாலோ புகைந்தாலோ வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள்.

அப்புறம், அதிகம் பேர் மறக்கும் ஒரு கணம். விமானம் நிரம்பியிருக்கும், தலைக்கு மேல் இடமிருக்காது. வாசலில் நிற்பவர் உங்கள் கைப்பையை வாங்கி "இதைக் கீழே போடுகிறோம்" என்று சீட்டு ஒட்டுவார். விதிப்படி கையில் கொண்டுவந்த எல்லாம் அந்த நொடியில் பெட்டிச் சாமானாக மாறிவிடுகிறது. பின்னால் ஆட்கள் நிற்பார்கள், அவசரப்படுத்துவார்கள். அங்கேயே சிப்பைத் திறந்து பவர் பாங்க்கையும் உதிரிப் பற்றரியையும் லெப்டொப்பையும் எடுத்துக்கொண்டு பையைக் கொடுங்கள். அதற்காகவே மடித்து வைத்த ஒரு சிறு துணிப்பை பையின் முன் சிப்பில் இருந்தால், எடுத்ததைப் போட்டுக்கொண்டு வரிசையை மறிக்காமல் உள்ளே போகலாம்.